வள்ளம் கவிழவில்லை, கஞ்சி கவிழ்ந்தது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாத ஒரு பையனை நாலு பேர் தூக்கிக்கொண்டு காஷுவாலிட்டிக்குள் ஓடி வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். "தண்ணி குடிச்சிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். "இல்ல டாக்டரே, கஞ்சி கொட்டிட்டு" என்றான் கூட வந்தவன். இரண்டு தொடையும் வெந்துபோய், அதன் மேல் யாரோ அப்பிய பற்பசை சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் வேலை பார்ப்பவன் நான். எல்லையைத் தாண்டினால் பூவாறு, இன்னும் மேலே போனால் அஷ்டமுடிக் காயல், மன்றோ துருத்து. சின்ன வள்ளமோ கயாக்கோ பிடித்து, கூடாரத்தையும் உள்ளங்கைக்குள் அடங்குகிற கேஸ் அடுப்பையும் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் தென்னந்தோப்பில் கேட்டுச் சொல்லி இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறவர்கள் இப்போது எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான், மழை விட்ட பிறகு டிசம்பரிலோ ஜனவரியிலோ வருஷத்துக்கு ஒரு தடவை. கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர் காயலும் கால்வாயுமாக 1993-லேயே தேசிய நீர்வழி என்று அறிவித்துவிட்டார்கள். அதை முழுசாகத் துடுப்புப் போட எனக்கு முதுகு இல்லை, அது வேறு விஷயம். ஆகவே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் கேட்கிறவர்கள் பாம்பைப் பற்றிக் கேட்கிறார்கள், நீச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள், அடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். கேஸ் கேன் மேலே பர்னர், பர்னர் மேலே பாத்திரம் என்று ஒரு சாண் உயரத்தில் ஒரு லிட்டர் கஞ்சி கொதிக்கிறது, அதைத் தாங்கி நிற்பது நாலைந்து விரல்கட்டை அகலமுள்ள கேனின் அடிப்பாகம், அதற்கும் கீழே காயல் மணல். நம்ம ஆள் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து கரண்டியால் கிண்டுகிறான். மணல் ஒரு பக்கம் இறங்கினால் பாத்திரம் எங்கே வரும்? மடிக்குத்தான். வெந்நீர் என்றாலாவது பாதி வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஓடாது, அப்பிக்கொண்டு தன் சூட்டையெல்லாம் தோலுக்குள் இறக்கிவிட்டுத்தான் ஆறும்.

வள்ளத்தில் கிடக்கும் ஒரு பலகைத் துண்டையோ தோப்பில் கிடக்கும் வெட்டுக்கல்லையோ அடியில் போட்டு, அசைத்துப் பார்த்துவிட்டு அடுப்பை வையுங்கள். பக்கவாட்டில் குத்தவைத்து உட்காருங்கள், எழுந்து விலக ஒரு நொடி போதும். பாத்திரத்தை ஈரத் துண்டால் பிடிக்காதீர்கள். காய்ந்த துணி கொஞ்ச நேரம் தாங்கும், ஈரத் துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும், கை தானாகப் பாத்திரத்தை விட்டுவிடும்.

சரி, கொட்டிவிட்டது. பற்பசை வேண்டாம், பேனா மை வேண்டாம், தோசை மாவு வேண்டாம், ஐஸும் வேண்டாம். நனைந்த துணியை உடனே கழற்றி, குளிர்ந்த நல்ல தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். இருபது நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும், எல்லோரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உடனே முடியவில்லை என்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கொண்டு போன குடிதண்ணீர் அவ்வளவு நேரத்துக்கு வராதுதான், துண்டை நனைத்துப் போட்டு, சூடானதும் எடுத்து மறுபடி நனைத்துப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் காயல் தண்ணீரே பரவாயில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள், நாங்கள் கழுவிக்கொள்கிறோம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு என்றால் அளவு பார்க்காமல் கிளம்புங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் வரும், ஆனால் காயலுக்குள் வராது, அதனால் எந்தப் படகுத்துறையில் ஏறுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது, வள்ளத்துக்குள்ளேயே சமைப்பது. "பழைய கெட்டுவள்ளத்துக்காரங்க எல்லாம் வள்ளத்துலதானே பொங்கித் தின்னாங்க" என்று எங்கள் அண்ணாச்சி ஒருவர் வாதாடுவார். அவர்கள் எரித்தது விறகு அண்ணாச்சி, அதுவும் வீடு மாதிரி அகலமான வள்ளத்தில். நம்முடைய கேஸ் காற்றைவிடக் கனமானது. திருகு சரியாகப் பொருந்தாமல் கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி வள்ளத்தின் அடியில் இறங்கித் தேங்கும். திறந்தவெளிதானே என்று நினைப்போம், ஆனால் வள்ளம் என்பது ஒரு பெரிய கிண்ணம். கரையில் இறங்கித்தான் கேனை மாட்ட வேண்டும், இறங்கித்தான் பற்றவைக்க வேண்டும். உச்சி வெயிலில் கேனை வள்ளத்தின் மேல்தட்டில் வைக்காதீர்கள், 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். காற்றடிக்கிறது என்று தகரத்தை அடுப்பைச் சுற்றி முழு வட்டமாக மறைத்தாலும் அதே கதைதான், சூடு கேனுக்குத் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள், நடுநடுவே கேனைத் தொட்டுப் பாருங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது மழைக்கு. மழை வந்ததும் எல்லோரும் கூடாரத்துக்குள் போகிறார்கள், அடுப்பும் கூடவே போகிறது. ஒருமுறை மூன்று பேர் விடிகாலையில் வந்தார்கள், தலைவலி, வாந்தி, நடை தள்ளாடுகிறது. முதல்நாள் ராத்திரி குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். குடிக்காத ஒருவனுக்கும் அதே தலைவலி என்பதுதான் எனக்கு உறுத்தியது. கேட்டால், கட்டஞ்சாயாவுக்கு உள்ளேயே அடுப்புப் பற்றவைத்து, குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று சிம்மில் விட்டுவிட்டு ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது, புகை கிடையாது, ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். "நீலமாத்தானே எரிஞ்சுது டாக்டரே" என்றான் ஒருவன். நீலமாக எரிந்தாலும் வரும்; குளிர்ந்த பாத்திரத்தின் அடி சுடரைத் தொடும் இடத்தில் கேஸ் பாதி எரிந்து பாதி நிற்கும்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அவர்கள் கையோடு கொண்டு வந்திருந்தார்கள், விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதை நம்பிப் படுத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கூடாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள், முதலில் வெளியே வாருங்கள்.

ஸ்பிரிட் அடுப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் தீ பாட்டிலுக்குள்ளேயே ஏறும். பம்ப் ஸ்டவ் வெடித்த கதைகள் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு, அது இப்போது வேறு வேஷத்தில் வருகிறது.

ரயிலில் கேன் எடுத்துப் போவதும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷனில் சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். உள்ளே திருட்டுத்தனமாக ஏற்றி வந்த சிலிண்டர். அந்தப் பெட்டி முந்தின நாள் நாகர்கோவிலில் எங்கள் ஊர் வழியாக ஓடும் புனலூர் வண்டியில் கோத்து அனுப்பியது. அதனால் நான் காரில்தான் போகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு என்னதான் சமைப்பது? அடுப்பு எரிகிற நேரத்தைக் குறைப்பதுதான் என் வழி. காலையில் அடுப்பே கிடையாது: அவல், தேங்காய்த் துருவல், கருப்பட்டி, ஒரு மட்டிப்பழம். மத்தியானம் துடுப்புப் போடும்போதே பொடியரிசியையும் சிறுபயறையும் டப்பாவில் ஊறப்போட்டுவிடுவேன். சாயங்காலம் கரையேறியதும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அணைத்து, மூடிப் பழைய கம்பளித் துணியில் சுற்றி வைத்தால் அரைமணியில் மிச்சத்தை அதன் சூடே வேகவைத்துவிடும். வீட்டிலேயே வறுத்து எடுத்து வந்த நெத்திலிக் கருவாடு, தேங்காய்த் துவையல். 230 கிராம் கேன் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவைக்கலாம், இரண்டு பேருக்கு இரண்டு நாள் கஞ்சியும் சுக்குக்காப்பியும் போக மிச்சம் இருக்கும். தண்ணீர் மட்டும் கரையிலிருந்து கொண்டு போக வேண்டும், காயலின் உப்பு கொதிக்கவைத்தால் போகாது.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வேண்டாம். எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டிய கிழங்கு அது, கசப்பு ரகத்தில் நஞ்சு உண்டு. அதற்கு நம் அடுப்பும் பத்தாது, தண்ணீரும் பத்தாது.

எண்ணெயில் பொரிப்பதும் இந்த அடுப்பில் வேண்டவே வேண்டாம். வறுத்த கரிமீன் இல்லாமல் காயலுக்கு வந்ததாகவே ஆகாது என்று எங்கள் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் வாணலியைக் கட்டி எடுத்து வருவார். காயலோரம் கள்ளுக்கடைகள் இருக்கின்றன, வள்ளத்தைக் கட்டிவிட்டு ஏறிப்போய் அங்கே தின்றுவிட்டு வருவோம். வாணலி கட்டின கட்டோடு வீடு திரும்பும்.