போனில் நிரப்பிய பிறகும் வீட்டுக்கு ஆள் வருவது ஏன்?

ராயபுரத்தில் எங்கள் சந்தில் ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனங்கள். சுவரில் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்கு எண்ணே கிடையாது. அங்கேயும் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடுகிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக நம் வீட்டு விவரங்களை நாமே இணையத்தில் நிரப்பலாம் என்று கேள்விப்பட்டதும், எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

நிரப்புவது எளிது. வீட்டுப் பட்டியல் எடுக்க ஆள் வருவதற்கு முந்தைய 15 நாட்கள் இணையதளம் திறந்திருக்கும். செல்போன் எண், ஓடிபி, வரைபடத்தில் வீடு இருக்கும் இடம், அப்புறம் 33 கேள்விகள். முடித்ததும் ஓர் அடையாள எண் வரும். கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் கொடுத்தால் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்.

எல்லாம் நாமே கொடுத்துவிட்டோம், அவர் எதற்கு வர வேண்டும்? இணையத்தில் வந்த படிவம் எந்தக் கதவுக்கு உரியது என்பதை யாராவது நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். செல்போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிசகும். சுவரும் சுவரும் ஒட்டிய சந்தில் சிக்னல் மோதித் திரும்புவதால் பிசகு இன்னும் கூடும். மாடி வீடும் கீழ்வீடும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான்.

கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு அடையாளம் கதவல்ல, அடுப்பு. ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் ஒரே உலைச் சோறு சாப்பிட்டால் ஒரே படிவம்; ஆளுக்கொரு அடுப்பு வைத்தால் இரண்டு. இது தெரியாமல் இருவரும் தனித்தனியே நிரப்பினால், அம்மா இரண்டு முறை எண்ணப்படுவார். காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருப்பவர், வீட்டில் இல்லை என்பதற்காக விடுபட்டும் போகலாம்.

இணையத்தில் நிரப்பியவர்களை எண்ணக் கணினி போதும். நிரப்பாதவர்கள் யார் என்று அறிய எல்லா வீடுகளின் பட்டியலும் வேண்டும். அந்தப் பட்டியல் காலால் நடந்துதான் உருவாகிறது. மாடிப்படி அறை அதில் ஏறாவிட்டால், அது விடுபட்டது என்பதே யாருக்கும் தெரியாது.

இணையத்தை மட்டும் நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 ஆகஸ்ட் 9 இரவு ஆஸ்திரேலியாவில் நாடே படிவம் நிரப்ப உட்கார்ந்த நேரத்தில், இணையவழித் தாக்குதலும் கருவிக் கோளாறும் சேர்ந்து கணக்கெடுப்புத் தளம் முடங்கியது. திரும்பத் திறக்க சுமார் 40 மணி நேரம் ஆனது. இங்கே மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறுவதும், ஒரே இரவு என்றில்லாமல் 15 நாட்கள் தருவதும் அந்த நெரிசலைக் குறைக்கும்.

எண்ணி முடித்த பின் சில பகுதிகளில் மட்டும் தனியாக மறுபடி எண்ணி, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவார்கள். 2011இல் அப்படிப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். இந்த முறை இணையத்தில் நிரப்பிய வீடுகளையும் நேரில் எடுத்த வீடுகளையும் பிரித்து ஒப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரே போன்தான். பகலில் அது வேலைக்குப் போய்விடும். அடையாள எண் வந்ததும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.