பத்தரின் அரையிருட்டு

கொழும்புச் செட்டியார் தெருவில், நகைக்கடைகளின் பளபளப்புக்குப் பின்னால் ஒடுங்கிய படிகளில் ஏறினால் பொற்கொல்லர்களான பத்தர்கள் குனிந்திருந்து வேலை செய்யும் பட்டறைகளைக் காணலாம். கைவினைஞர்களைப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நான், அத்தகைய பட்டறை ஒன்றுக்கு முதன்முறை சென்றபோது, அறை இருண்டிருக்கிறதே என்று எண்ணி, கொண்டுபோன எல்ஈடி விளக்கைப் போட்டேன். வளையல் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்தும் பாராமல், "தம்பி, அதை நிப்பாட்டுங்கோ, சூடு கண்ணுக்குத் தெரியேல்ல" என்றார்.

சூடேறும் உலோகம் ஏறத்தாழ 525 பாகை செல்சியசை எட்டும்போதுதான் மங்கிய செந்நிறத்தில் ஒளிரத் தொடங்குகிறது. வெப்பமானி இல்லாத பத்தர், அந்தச் சிவப்பு கூடிவருவதைப் பார்த்தே நெருப்பை எப்போது விலக்குவது என்று முடிவுசெய்கிறார். வெளிச்சம் மிகுந்தால் அச்சிவப்பு மறைந்து, நொடிப்பொழுது பிந்தினாலும் பல நாள் உழைப்பு உருகிவிடும். அந்த அரையிருட்டும் அவருடைய கருவிகளில் ஒன்று என்பதால், பட்டறைக்குள் எல்ஈடி விளக்கோ ஃபிளாஷோ பயன்படுத்துவதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இருக்கும் ஒளியே போதுமானது. எதிர்க் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி யன்னல் வழியாக வரும் வெளிச்சம் மென்மையானது. நாம் யன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் நிழற்பக்கத்தில் நின்றால், விரல்களின் தழும்புகளும் நெற்றியின் சுருக்கங்களும் தாமாகவே எழுந்து தெரியும். கமராவின் தானியங்கி ஒளியளவீடு இருட்டைப் போக்க முயன்று தீச்சுடரை வெறும் வெள்ளையாக்கிவிடுமாதலால், சுடரின் ஒளி படும் கைக்கே ஒளியை அளவெடுக்க வேண்டும். நிறங்களைச் சீராக்கும் வெண்சமநிலையையும் (white balance) பகல் ஒளிக்கு நிறுத்திவிட்டால், யன்னற் பக்கம் குளிர்ந்தும் நெருப்புப் பக்கம் செம்மஞ்சளாகவும் பதிவாகும். அந்த இடத்தின் மனநிலை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. குழல்விளக்கு எரியுமானால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைப்பது நல்லது, ஏனெனில் இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கும் அதற்கேற்ப மினுங்கும்; அதைவிட வேகமாக எடுத்தால் படத்தில் பட்டைகள் விழக்கூடும்.

மெருகிட்ட பொன் கண்ணாடி போன்றது. என் வெள்ளைச் சட்டை வளையலில் வெண்கறையாக விழுந்ததிலிருந்து கறுப்பே அணிகிறேன். தரையில் சிந்தும் பொன் துகள்களைக்கூட அவர்கள் கூட்டியெடுத்துச் சேர்ப்பதால், எங்கே கால் வைக்கலாம் என்று கேட்டபிறகே உள்ளே நுழைகிறேன்.

பற்றவைப்பு முடிந்ததும் பத்தரே மேசைவிளக்கைப் போட்டு, நகையைக் கண்ணருகே உயர்த்தி இணைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடக்கியிருந்த மூச்சை அவர் விடும் அந்தக் கணத்துக்காக, கமராவைத் தாழ்த்தாமல் காத்திருப்பேன்.