சத்தம் போடுவது ஓனரா, வாடகைக்காரரா? சட்டம் முதலில் கேட்பது அது இல்லை

மொட்டை மாடியில் நள்ளிரவுப் பாட்டு, படிக்கட்டில் குடி, பார்க்கிங் தகராறு என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் எது நடந்தாலும், அசோசியேஷன் கூட்டத்தில் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: "வாடகைக்கு விட்டாலே இப்படித்தான்." சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தொல்லை கொடுப்பவர் சொந்த வீட்டுக்காரரா, வாடகைக்குக் குடியிருப்பவரா என்பதைப் பொறுத்து நம் கையில் உள்ள வழிதான் மாறும். செய்த காரியம் யார் செய்தாலும் தப்புதான். தமிழ்நாட்டில் இருக்கும் சட்டங்களை வைத்து அந்த வழிகளைப் பார்ப்போம்.

முதலில் வாடகைக்கு இருப்பவர். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 21-ஆவது பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது. பொதுமக்களுக்குத் தொல்லை தருவது, கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்துவது எல்லாம் இதற்குள் வரும்.

ஆனால் ஒரு நாள் சத்தம் போட்டார் என்பதற்காக மறுநாளே காலி செய்யச் சொல்ல முடியாது. நிறுத்தச் சொல்லி வீட்டு உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. மனுப் போட வேண்டியவர் அந்த வீட்டின் உரிமையாளர், அசோசியேஷன் அல்ல. குடியிருப்பவருக்கும் அசோசியேஷனுக்கும் நடுவில் வாடகை ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எனவே செகரட்டரி நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதி ஒட்டுவதைவிட, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளருக்குத் தேதிவாரியாக ஒரு கடிதம் அனுப்புவது எவ்வளவோ மேல். அது கையில் இருந்தால் உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்க வசதி. "எனக்கு எதுவும் தெரியாது" என்றும் பிறகு சொல்ல முடியாது.

உரிமையாளருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். குடியிருப்பின் துணைவிதிகளுக்கு, அதாவது சங்கம் தனக்கென வகுத்த விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்ற ஒரு வரியை அதிலேயே சேர்த்துவிடலாம். வாய்ப்பேச்சில் வீட்டை விட்டுவிட்டு, பிரச்சினை வந்தபின் சட்டத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

சரி, கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, லிஃப்டைப் பயன்படுத்த விடாமல் செய்வது? இந்த வேலை வேண்டவே வேண்டாம். அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ வேறு யார் மூலமாகவோ துண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு. குடியிருப்பவர் வாடகை அதிகார அமைப்பிடம் போனால், விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரலாம். தொல்லை கொடுத்தவர் அன்றோடு பாதிக்கப்பட்டவராகிவிடுவார்.

இப்போது மறுபக்கம். தொல்லை கொடுப்பவர் சொந்த வீட்டுக்காரராக இருந்தால்? உண்மையில் இதுதான் கடினமான கேஸ். அவரைக் காலி செய்ய வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கூட்டத்தில் வாக்கும் அவருக்கு உண்டு. சில சமயம் செகரட்டரியே அவராகத்தான் இருப்பார். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, உரிமையாளர் சங்கத்தையும் அதன் துணைவிதிகளையும் மையமாக வைத்துத்தான் குடியிருப்பை நடத்தச் சொல்கிறது. பொது இடத்தை எப்படிப் பயன்படுத்தலாம், மொட்டை மாடி எத்தனை மணி வரை, அபராதம் உண்டா என்பதையெல்லாம் துணைவிதியில் முறையாக எழுதி நிறைவேற்றியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பேர் கட்டைவிரல் காட்டி நிறைவேற்றிய 'அபராதம்' கேள்வி வந்தால் நிற்காது.

சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு விதி உண்டு. உரிமையாளர், குடியிருப்பவர் என்ற வேறுபாடே பார்க்காத விதி. ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. சொந்த ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கிறவரின் இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில் இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி, மேளம், இசைக்கருவி எதுவும் கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளுக்கும் இரவில் தடை. ஆக, ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரில் டிரில் போடுகிறவரும் இதில் மாட்டலாம்.

யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை, அசோசியேஷன் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்யலாம். இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலே போதும், அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் வாக்கு இல்லாத வாடகைக் குடும்பத்துக்கு, மேல்மாடி ஓனருக்கு எதிராக இருக்கும் வலுவான கருவி இதுதான். ஆனால் மேல் வீட்டில் குழந்தை ஓடுவது, நாற்காலி இழுபடுவது, குக்கர் விசில் இதற்கெல்லாம் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது மனிதர்கள் வாழும் சத்தம். நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டச் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நாய் குரைப்பதும் கூட்டத்தில் அடிக்கடி வரும். வளர்ப்புப் பிராணிகளை ஒரேயடியாகத் தடை செய்ய அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை, பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குரைப்பு தடைக்கான காரணமாகாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதே போல 'பேச்சிலர்' என்பதும் காலி செய்யச் சொல்வதற்கான காரணமாக 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை.

பொதுத் தொல்லைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம். இது போலீஸார் தாமாகவே வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல என்பதால், பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கும். அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள், பிறகு அதுவே ஆதாரம். வீட்டுக்குள் பட்டறை நடத்துவது, உடல்நலத்துக்குக் கேடான சரக்கைக் குவிப்பது போன்றவற்றுக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மற்றபடி சிவில் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை கேட்கலாம், நாளாகும்.

மிரட்டல், அடிதடி, பெண்களிடம் அத்துமீறல் இவை மட்டும் 'தொல்லை' இல்லை, குற்றம். இதற்கு அசோசியேஷன் கூட்டம் கூட்டி, சமரசம் பேசி, அப்புறம் போலீஸ் என்று காத்திருக்கவே கூடாது. 112-க்கு நேராக அழைக்கலாம். பெண்களுக்கு 181 இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம், வேறு யார் கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். போனில் உள்ள டெசிபல் ஆப் காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குறிப்புக்கு உதவும், அதிகாரபூர்வ அளவீடு ஆகாது. புகாரில் "வாடகைக்கு இருக்கும் இன்னார்" என்று ஆரம்பிக்காமல், "இந்தத் தேதியில் இரவு 11.40 முதல் 1.15 வரை மொட்டை மாடியில் ஒலிபெருக்கி" என்று ஆரம்பியுங்கள். வழக்கு வரை போக விருப்பமில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கான உதவி எண் 15100.