கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்னர் மேமோகிராம் எதைப் பார்க்கிறது?

ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு கட்டி பத்து மில்லிமீற்றராவதற்கு அதன் கனவளவு எட்டு மடங்காக வேண்டும். அதாவது அதிலுள்ள கலங்களின் தொகை மூன்று முறை இரட்டிக்க வேண்டும். அது இரண்டு சென்ரிமீற்றரை எட்டுவதற்கு மேலும் மூன்று இரட்டிப்புகள் போதும். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தற்செயலாகக் கைக்குத் தட்டுப்படுகிற மார்பகக் கட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டு சென்ரிமீற்றரை ஒட்டியோ கடந்தோதான் இருக்கின்றன. இரட்டிப்புக்கு எடுக்கும் காலம் கட்டிக்குக் கட்டி வேறுபடும். சிலவற்றுக்குச் சில வாரங்களும் பலவற்றுக்குச் சில மாதங்களும் வேறு சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும். எப்படியாயினும், மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியத்தக்க நிலைக்கும் கைக்கு எட்டும் நிலைக்கும் இடையே பொதுவாக ஓரிரு ஆண்டுகளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ அவகாசம் கிடைக்கிறது. நோய் அறிகுறி எதுவுமற்ற பெண்களைப் பரிசோதனைக்கு வருமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவது இந்த அவகாசத்தைக் கருதியே.

உலகில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். இலங்கைப் பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது வந்ததில்லை’ என்ற பதிலைக் கொழும்பில் படித்தவர்களின் வாயிலிருந்தும் கேட்கலாம். ஆனால், பெற்றோரிடமிருந்து பெறப்பட்ட மரபணு மாற்றத்தால் ஏற்படுபவை மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து வீதம் வரையில்தான். எஞ்சியவற்றுக்குப் பெண்ணாயிருப்பதும் வயது ஏறுவதுமே முதன்மையான ஆபத்துக் காரணிகள். இலண்டனில் வாழும் அக்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் மேமோகிராமுக்கான அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்து சேரும். பின்னர் எழுபத்தொரு வயது வரையில் மூன்று ஆண்டுகளுக்கொரு முறை அது வந்துகொண்டேயிருக்கும். வெள்ளவத்தையில் இருக்கும் தங்கைக்கு அப்படியொரு கடிதம் வராது. இங்கே நாட்கணக்கை அவரே வைத்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவரே ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே அமைக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம். 1913இல் பெர்லினைச் சேர்ந்த ஆல்பேர்ட் சலமொன் என்ற அறுவை வைத்தியர், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்-கதிர் மூலம் படம்பிடித்து, புற்றுநோய் அதில் எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்ந்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. நெஞ்சுப் படத்தில் எலும்பும் காற்றும் தெளிவாக வேறுபட்டுத் தெரியும். மார்பகத்திலோ எலும்பும் இல்லை, காற்றும் இல்லை. கொழுப்பும் பாற்சுரப்பி இழையமும் நார் இழையமுமே உள்ளன. இவை எக்ஸ்-கதிரை உறிஞ்சும் அளவுகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. புற்றுநோய்க் கட்டிக்கும் சாதாரண சுரப்பி இழையத்துக்கும் உள்ள வேறுபாடு அதைவிடவும் சிறியது.

அந்தச் சிறிய வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுவதற்குப் பொறியியலாளர்கள் கையாண்ட வழி, கதிரின் சக்தியைக் குறைப்பதாகும். நெஞ்சுப் படத்துக்கு நூறு கிலோவோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் பயன்படுகிறது. மேமோகிராமுக்கு 25 முதல் 32 வரையிலான கிலோவோல்ற்றே பொதுவானது. சக்தி குறைந்த கதிரை எந்தப் பொருள் எவ்வளவு உறிஞ்சும் என்பது அப்பொருளின் அணு எண்ணைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. மென்னிழையத்தின் சராசரி அணு எண் ஏறத்தாழ ஏழு, கல்சியத்தினுடையது 20. எனவே உப்புப் பொடியளவேயான கல்சியத் துணுக்கொன்றும் இந்தப் படத்தில் வெண்புள்ளியாக மின்னும். 1960களில் பிரான்ஸில் உருவான முதலாவது தனிப்பட்ட மார்பக எக்ஸ்-கதிர் இயந்திரம் மொலிப்டினம் என்னும் உலோகத்தைக் கதிர்மூலமாகக் கொண்டதற்கும் காரணம் இதுவே. அது வெளியிடும் கதிரின் பெரும்பகுதி இந்த வேலைக்குத் தோதான சக்தியிலேயே அமைகிறது.

கல்சியத் துணுக்குகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். பாற்குழாயின் சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கும் மிக ஆரம்ப நிலைப் புற்றுநோயில், பெருகிய கலங்களின் நடுப்பகுதி இரத்த ஓட்டமின்றி மடிகிறது. மடிந்த கலங்களில் கல்சியம் படிகிறது. அந்தப் படிவு குழாயின் வடிவத்தையே பின்பற்றி, மெல்லிய கோடுகளாகக் கிளைத்துத் தெரியும்போது, கட்டி என்று சொல்ல எதுவுமே உருவாகாத நிலையிலும் வைத்தியர் எச்சரிக்கை அடைகிறார். மார்பகத்தில் காணப்படும் கல்சியம் எல்லாம் கெட்டதல்ல. பெரும்பாலானவை வயதோடு வரும் தீங்கற்ற படிவுகளே. உருண்டையாகவும் பெரிதாகவும் சிதறியும் இருப்பவை பொதுவாகக் கவலைக்குரியவையல்ல. வடிவமும் பரவியிருக்கும் ஒழுங்கும்தான் செய்தி சொல்கின்றன.

பரிசோதனைக்கு வரும்போது அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வியர்வைத் தடுப்பு மருந்தோ பூசிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லப்படுவதும் இதனால்தான். வியர்வைத் தடுப்பில் உள்ள அலுமினிய உப்பும் சில பவுடர்களின் துகள்களும் படத்தில் கல்சியத் துணுக்குகளைப் போலவே வெள்ளையாகத் தெரியும். கொழும்பு வெயிலில் பவுடர் போடாமல் வீட்டை விட்டு இறங்குவது எளிதல்ல என்பது உண்மை; ஆனால் ஒரு சிட்டிகைப் பவுடர் தேவையற்ற ஒரு மறுபரிசோதனைக்குக் காரணமாகிவிடலாம். கழுத்துச் சங்கிலி படத்தில் விழுந்தால் அதன் பின்னால் இருப்பது மறைந்துவிடும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைக் கதிர்ப்படப்பிடிப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னால், முதுகுப்பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்ள அவர் பெரும்பாலும் வழி செய்வார்.

பெண்கள் அதிகம் அஞ்சுவது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே வைத்து அழுத்துவதைத்தான். அது சில வினாடிகள்தான் நீடிக்கும். சிலருக்கு வலிக்கும், சிலருக்கு வெறும் இறுக்கமாக இருக்கும். வலியில்லை என்று சொல்லிக் கூட்டிச்செல்வதை நான் நேர்மையான செயலாகக் கருதவில்லை. காரணத்தைச் சொல்வது நல்லது. மடித்து அடுக்கிய நாலைந்து சேலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், எந்தக் கறை எந்தச் சேலையில் இருக்கிறது என்று தெரியாது. சில மடிப்புகள் ஒன்றன்மேலொன்று விழுந்து கறைபோலவே தோன்றும். அழுத்துவதால் இழையங்கள் பரந்து விலகி, இந்த மயக்கம் குறைகிறது. தடிப்புக் குறைவதால் தேவையான கதிரளவும் குறைகிறது. சிதறும் கதிர் குறைந்து படம் துலங்குகிறது. மூச்சசைவால் ஏற்படும் மங்கலும் நீங்குகிறது. மாதவிடாய் தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் மார்பகம் தொட்டாலே நோகும் பெண்கள், மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் நாள் குறித்துக்கொண்டால் அழுத்தத்தின் வலி பெரிதாகத் தெரியாது.

ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒன்று மேலிருந்து கீழாக. மற்றையது பக்கவாட்டில் சரிவாக, அக்குள் வரையிலான பகுதியையும் உள்ளடக்கி. மார்பகப் புற்றுநோய்கள் அதிகம் தோன்றும் இடம் அக்குளை நோக்கிய மேல் வெளிப்புறப் பகுதி என்பதால், அந்தச் சரிவுப் படத்துக்காகக் கையை உயர்த்தித் தோளைத் தளர்த்துமாறு கதிர்ப்படப்பிடிப்பாளர் வற்புறுத்துவார். நான்கு படங்களுக்குமான கதிர்த்தாக்கம் ஏறத்தாழ 0.4 மில்லிசீவேர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயல்பாகவே நாம் அனைவரும் இரண்டு மாதங்களில் பெறுவதும் சராசரியாக இதே அளவுதான்.

இந்தப் படத்துக்கும் குறைகள் உண்டு. கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பி இழையம் வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோயும் வெள்ளையாகவே தெரியும். சுரப்பி இழையம் செறிந்த மார்பகத்தில் கட்டி ஒளிந்துகொள்ள இடம் அதிகம். இளம் பெண்களின் மார்பகங்கள் அத்தகையவை. ஆசியப் பெண்களிடம் இந்தச் செறிவு நடுவயதிலும் அதிகமாகக் காணப்படுகிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு வைத்தியர் மேமோகிராமுக்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக்கொடுப்பது அலட்சியத்தால் அல்ல. 2005இல் வெளியான, ஏறத்தாழ 50,000 பெண்கள் பங்கேற்ற வட அமெரிக்க ஆய்வொன்று, ஐம்பது வயதுக்குட்பட்டோரிடமும் செறிந்த மார்பகமுள்ளோரிடமும் பழைய பிலிம் முறையைவிட டிஜிட்டல் முறை கூடுதலான புற்றுநோய்களைப் பிடித்தது என்று காட்டியது. அண்மைக்கால இயந்திரங்களில், கதிர்க்குழாய் வில் போன்ற வளைந்த பாதையில் நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்க, கணினி அவற்றிலிருந்து மெல்லிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகிறது.

கிரமமாகப் போவதன் பெரிய பயனாக நான் கருதுவது, அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. கதிரியல் வைத்தியர் ஒரு படத்தை மட்டும் பார்ப்பதில்லை. முந்திய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒவ்வொருவரின் மார்பக அமைப்பும் வேறானது. ஐந்தாண்டுகளாக மாறாதிருக்கும் ஒரு வெண்ணிழலை அவர் தள்ளிவிடலாம். சென்ற முறை இல்லாத சிறு கோணலைத் தள்ளிவிட முடியாது. கொழும்பில் படத்தையும் அறிக்கையையும் பெரும்பாலும் கையிலேயே தந்துவிடுகிறார்கள். அடுத்த முறை வேறொரு வைத்தியசாலைக்குப் போவதும் சாதாரணம். ஆகவே பழைய உறையையும் இறுவட்டையும் காணி உறுதியைப் போலப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுபோவது, புதிய இயந்திரத்தைத் தேடிப்போவதற்குச் சமமான பயனைத் தரக்கூடும்.

பயன் எவ்வளவு என்பதற்கு விடை தரப் பெரிய ஆய்வுகள் உண்டு. 1963இல் நியூயோர்க்கிலும் 1977இல் சுவீடனிலும் தொடங்கப்பட்டவை, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறைந்ததைக் காட்டின. 2012இல் பிரித்தானியாவின் சுயாதீன நிபுணர் குழு கணித்தபடி, ஐம்பது வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படுகின்றன. அதேவேளை, வாழ்நாள் முழுவதும் தொல்லை தந்திருக்காத 129 புற்றுநோய்களும் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாகின்றன. இந்த இரண்டாவது எண்ணை மறைத்துப் பிரசாரம் செய்வது தவறு. இரண்டையும் அறிந்த பின்னரும் ஐம்பது முதல் அறுபத்தொன்பது வரையிலான வயதினருக்குப் பயனே மேலோங்குகிறது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு.

மேமோகிராம் இயந்திரம் எல்லோருக்கும் கிட்டாத நாடுகளுக்கு மும்பையிலிருந்து வந்த முடிவு மிகவும் பொருத்தமானது. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் ஏறத்தாழ 75,000 பெண்களின் மார்பகங்களை இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை கையால் பரிசோதித்தனர். அதே அளவிலான இன்னொரு குழுவுடன் அவர்கள் ஒப்பிடப்பட்டனர். 2021இல் வெளியான இருபதாண்டுக் கணக்கின்படி, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. மறுபுறம், ஷங்காயில் 266,000க்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் நடந்த ஆய்வு, சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுப்பது மாத்திரம் மரணங்களைக் குறைக்கவில்லை என்று 2002இல் அறிவித்தது. ஆகவே கண்ணாடி முன் நின்று தானே பார்த்துக்கொள்வது தன் உடலைப் பழகிக்கொள்ள உதவும். பயிற்சி பெற்ற கையின் இடத்தை அது நிரப்பாது.

அந்தப் பயிற்சி பெற்ற கை கொழும்பில் தொலைவில் இல்லை. 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் கீழ் இயங்குகின்றன. கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு மார்பகப் பரிசோதனையும் அங்கே இலவசம். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ பிள்ளை பிறந்தபோது வீட்டுக்கு வந்து எடை பார்த்த அதே மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார். பிள்ளைகள் வளர்ந்த பின் அவரோடு தொடர்பு அற்றுப்போவதே நம் பெண்களின் வழக்கம்; நோய் வரும் வயதோ அதற்குப் பிறகுதான். தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நாரஹேன்பிட்டவில் ஆரம்பநிலைப் புற்றுநோய் கண்டறியும் நிலையம் ஒன்றையும் நடத்துகிறது. இருபது முதல் நாற்பது வயது வரை மூன்று ஆண்டுகளுக்கொரு முறையும் நாற்பதுக்குப் பின் ஆண்டுதோறும் சுகாதாரப் பணியாளரிடம் மார்பகத்தைக் காட்டுவது இங்குள்ள பரிந்துரை. மேமோகிராம் எப்போது தொடங்குவது, எத்தனை ஆண்டுகளுக்கொரு முறை எடுப்பது என்பதை அங்கேயே வயதையும் குடும்ப வரலாற்றையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. கட்டி, தோல் குழிவு, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அடுத்த கிளினிக் தவணைக்காகக் காத்திருக்கக் கூடாது. சென்ற ஆண்டு மேமோகிராம் சுத்தமாக இருந்தது என்பதும் அதற்குப் பதிலாகாது. பரிசோதனையின்பின் மீண்டும் அழைக்கப்பட்டால் உடனே கலங்கவும் தேவையில்லை. பிரித்தானியாவில் பரிசோதிக்கப்படும் நூறு பேரில் ஏறத்தாழ நால்வர் திரும்ப அழைக்கப்படுகின்றனர், அவர்களில் ஒருவருக்கே புற்றுநோய். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து ஊசி மூலம் சிறு இழையத் துண்டு எடுக்கப்படும். ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்று சொல்லித் தடுக்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. அந்தத் துண்டில்தான் புற்றுநோயா என்பதும், புற்றுநோயாயின் அது ஹோர்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகையா என்பதும் தெரியவரும். முதலில் சத்திரசிகிச்சையா, மருந்தா என்று மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறெங்கோ வைத்தியர் முடிவெடுப்பது அந்த அறிக்கையை வைத்தே.