எக்ஸ் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எஸ்ஏடி எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். மாதிரித் தேர்வு முடிந்ததும் தப்பான விடைகளைப் பிரித்துப் பார்ப்போம். இயற்கணிதம் தெரியாமல் போன மதிப்பெண் கொஞ்சம்தான். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, கேட்காத கேள்விக்கு விடை குறித்ததே அதிகம்.

3எக்ஸ் + 5 = 17 எனில் 6எக்ஸ் + 10 எவ்வளவு? எக்ஸ் = 4 என்று வந்ததும், விடைகளில் 4 கண்ணில் படுகிறது, குறித்துவிடுகிறார்கள். வினா அமைத்தவர் அந்த 4-ஐச் சும்மா வைக்கவில்லை. இதில் எக்ஸே தேவையில்லை. கேட்டது கொடுத்ததன் இரு மடங்கு, 34. நம் பள்ளிகளில் படிப்படியாக எழுதினால்தான் மதிப்பெண் என்பதால், சமன்பாட்டைப் பார்த்தவுடன் கை தானாகத் தீர்க்கத் தொடங்கிவிடுகிறது. இங்கே வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது. கடைசி வரியைப் படித்து, கேட்டதை ஓரமாக எழுதிவிட்டு அப்புறம் பேனாவை நகர்த்துங்கள்.

இன்னொரு வலை, வர்க்கமூலம். (எக்ஸ் + 6)-இன் வர்க்கமூலம் எக்ஸுக்குச் சமம் என்றால், இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என இரண்டு விடை வரும். −2-ஐப் போட்டுப் பாருங்கள்: 4-இன் வர்க்கமூலம் 2, −2 அல்ல. ஆக 3 மட்டும்தான் விடை. பதிலீடு செய்து சரிபார்க்கப் பத்து விநாடி போதும்.

கணினியில் எழுதும் தேர்வுதானே, திரையிலேயே வரைபடம் போடும் டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறதே என்பார்கள். இரண்டு சமன்பாடுகள் வெட்டும் புள்ளிக்கு அது அருமைதான். ஆனால் 2எக்ஸ் + 3ஒய் = 5, கேஎக்ஸ் + 6ஒய் = 10 ஆகியவற்றுக்கு எண்ணற்ற தீர்வுகள் இருக்க கே எவ்வளவு என்றால், தட்டச்சு செய்யும் நேரத்துக்குள் கண்ணே சொல்லிவிடும்: எல்லாம் இரு மடங்கு, கே = 4.

கணக்குக்கு மட்டும் மொத்தம் 44 கேள்விகள், 70 நிமிடம், இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான பகுதி வந்துவிட்டால் எட்டக்கூடிய உச்ச மதிப்பெண்ணும் இறங்கிவிடும். அதனால் முதல் பகுதியின் சுலபக் கேள்வியில் சறுக்குவதுதான் பெரிய நஷ்டம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

பெற்றோர் அடுக்கடுக்காகப் புத்தகம் வாங்குகிறார்கள். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே உள்ளன. ஒன்றை எழுதி, ஒவ்வொரு தவறுக்கும் எதிரே பாடத்தின் பெயரை எழுதாமல், நடந்ததை எழுதச் சொல்லுங்கள்: ‘குறியை விட்டேன்’, ‘எக்ஸோடு நின்றேன்’. அந்தப் பட்டியலைத் தீர்த்த பிறகு அடுத்த தேர்வுக்குப் போனால் போதும்.