ஒரே 2.6 கிகாஹெர்ட்ஸ், இரண்டு ப்ராசஸர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றில், ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவதற்காக ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே, கம்பெனிகள் கழித்துப் போடும் சர்வர் ஒன்றிலிருந்து எடுத்த ப்ராசஸர். லேப்டாப்பில் இருந்தது இன்டெல் கோர் ஐ5-3320எம். மூடியே கிடையாது, நடுவில் கண்ணாடி போல மின்னும் சிறு சிலிக்கான் துண்டு அப்படியே வெளியே தெரியும். மற்றது ஸியான் இ5-2670. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், மேலே கனத்த உலோக மூடி. காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்தால் எஸ்ஆர்0கேஎக்ஸ் என்ற இன்டெல்லின் அடையாளக் குறி தெரிந்தது.

கூட வந்த அல்சூர்ப் பையன் போனில் தேடிவிட்டுக் கேட்டான்: "அண்ணா, ரெண்டும் 2012ல வந்தது. ரெண்டும் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவுல 3.3. அப்புறம் இது மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?"

நல்ல கேள்வி. (டர்போ என்பது தேவைப்படும்போது ப்ராசஸர் தானே கூட்டிக்கொள்ளும் வேகம்.) 2.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 260 கோடி துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியும் என்பது கோரின், அதாவது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதியின், உள்ளமைப்பைப் பொறுத்தது. அதில் இவை இரண்டும் நெருங்கிய சொந்தம். சர்வர் சிப் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, லேப்டாப் சிப் அதற்கடுத்த ஐவி பிரிட்ஜ். அதனால் ஒற்றைக் கோரை ஒற்றைக் கோரோடு மோதவிட்டால் லேப்டாப் தோற்காது, ஒரு முடி முன்னாலேயே நிற்கும். வித்தியாசம் எண்ணிக்கையில்தான். லேப்டாப்பில் 2 கோர், 3 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்). ஸியானில் 8 கோர், 20 எம்பி கேஷ்.

பையனுக்கு ஒரு வேலை இருந்தது, அதற்குத்தான் பழைய மெஷின் ஒன்று தேடினான். தாத்தா சேர்த்துவைத்த பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறான். படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எட்டுக் கோருக்கும் ஆளுக்கொரு பக்கம் கொடுக்கலாம். இந்த மாதிரி வேலைக்குத்தான் ஸியான் பிறந்தது.

எல்லா வேலையும் இப்படிப் பிரியாது. ஒரு மணி நேர வேலையில் பாதியை மட்டுமே பங்கிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கோர் சேர்ந்தால் அந்த 30 நிமிடம் நாலு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். மிச்சப் பாதியை ஒரே கோர்தான் செய்தாக வேண்டும், அங்கே 30 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் சுமார் 34 நிமிடம். எட்டு மடங்கு ஆள் போட்டும் வேகம் இரண்டு மடங்கைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967லேயே எடுத்துக் காட்டிய விஷயம் இது.

எனக்கு இன்னும் பிடித்தது மெமரிக் கணக்கு. லேப்டாப் சிப்புக்கு ராமிலிருந்து, அதாவது ப்ராசஸருக்கு வெளியே இருக்கும் பெரிய நினைவகத்திலிருந்து, இரண்டு வழிகள், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி. ஸியானுக்கு நாலு வழிகள், 51.2 ஜிபி. குழாய் இரண்டு மடங்கு, குடிக்கிற வாய் நாலு மடங்கு! எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் கேட்டால் லேப்டாப்பில் கோருக்கு 12.8 கிடைக்கும், ஸியானில் 6.4தான். அத்தனை பெரிய கேஷ் எதற்கு என்பது இங்கேதான் புரியும். அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் ராமுக்கு ஓட வேண்டியதில்லை.

சரி, எட்டுக் கோரையும் 3.3லேயே ஓட்டினால் என்ன? சூடு விடாது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும்; செலவாகும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வோல்டேஜ் 10 சதவீதம் கூடினால் அதனால் மட்டுமே செலவு 21 சதவீதம் ஏறிவிடும். அதனால் ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது 3.3 வரை போகிற ஸியான், எட்டும் உழைக்கும்போது 3.0க்கு இறங்கிவிடும். அதன் வெப்ப வரம்பு 115 வாட், லேப்டாப் சிப்புக்கு 35. தினம் பத்து மணி நேரம் அந்த வரம்பிலேயே ஓடினால், ப்ராசஸருக்கு மட்டும் மாதம் சுமார் 35 யூனிட், லேப்டாப்புக்கு பத்தரை.

ஆனால் லேப்டாப்பின் 35 வாட்டையும் வெளியேற்ற ஒரு மெல்லிய செம்புக் குழாயும் சின்ன ஃபேனும்தான் உண்டு. தூசி அடைத்து, பேஸ்ட்டும் காய்ந்துபோனால் சிப் தன் வெப்ப எல்லையான 105 டிகிரியை நெருங்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "பழைய லேப்டாப், அதான் ஸ்லோ" என்று தூக்கிப் போடுவதற்கு முன் திறந்து சுத்தம் செய்து பாருங்கள், தயவுசெய்து.

பையனிடம் லேப்டாப்பையே எடுக்கச் சொன்னேன். காலேஜுக்கும் தூக்கிப் போகலாம். ஒரே ஒரு முறை செய்யப்போகும் வேலைக்கு சர்வர் எதற்கு? சில ராத்திரி ஓடவிட்டால் பக்கங்கள் முடிந்துவிடும்.

கிளம்பும்போது விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு சர்வர் ராமைக் கையில் எடுத்தான். சாதாரண ராம் ஒரு நேரத்தில் 64 பிட் தரும். இது கூடவே 8 பிட் சரிபார்ப்பும் வைத்திருக்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடலாம். வங்கிக் கணக்கு ஓடும் மெஷினுக்கு அது அவசியம். ஆனால் அதில் 240 முனை, லேப்டாப் ஸ்லாட்டில் 204. உள்ளேயே போகாது. திரும்ப வைத்துவிட்டு, சின்ன ராமில் 8 ஜிபி ஒன்று கேட்டு வாங்கினோம்.