உப்புச் சேர்க்காத தாவர உணவில் சோடியக் கணக்கு

ஒருவர் ஒரு நாளில் பழுப்பரிசி 300 கிராம், பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், பசலைக்கீரை, கேரட், தக்காளி தலா 100 கிராம், இரண்டு பெரிய வாழைப்பழங்கள், ஒரு கைப்பிடி பாதாம் ஆகியவற்றை உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2,000 கலோரி தரும் நிறைவான உணவு இது. ஆலையில் பதப்படுத்திய பொருள் எதுவும் இதில் இல்லை, சமைக்கும்போதும் உப்புச் சேர்க்கவில்லை. உணவுச் சத்து அட்டவணைகளைப் பார்த்து இதிலுள்ள சோடியத்தைக் கூட்டினால் சுமார் 190 மில்லிகிராம் வருகிறது. அதிலும் பசலைக்கீரையின் பங்கு 79, கேரட்டின் பங்கு 69. வயிற்றை நிறைக்கும் அரிசி, பருப்பு, கிழங்கு, பழம் எல்லாம் சேர்ந்து தருவது 45 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை.

சமையல் உப்பின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சோடியம். எனவே இந்த 190 மில்லிகிராம் சோடியம் அரை கிராம் உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது, அந்த உச்ச வரம்பில் இது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2019-இல் பெரியவர்களுக்குப் போதுமான சோடிய அளவாக நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமைக் குறிப்பிட்டன. அதனோடு ஒப்பிட்டால் நம் தட்டில் இருப்பது எட்டில் ஒரு பங்குதான். பதப்படுத்தாத தாவர உணவுக்கு மாறியவர்கள் இந்த எண்களைப் பார்த்து அஞ்சுவது இயல்பே. ஆனால் 1,500 என்பது, அதற்குக் கீழே போனால் நோய் வரும் என்று அளந்து கண்டறிந்த எல்லை அன்று. உடலுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை அறிய, உணவில் எவ்வளவு வருகிறது என்பதைவிட உடலிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தாவரங்களில் சோடியம் ஏன் இவ்வளவு குறைவு என்பதை முதலில் சொல்லிவிடலாம். பெரும்பாலான தாவரங்களுக்குச் சோடியம் தேவையே இல்லை. விலங்குச் செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் சோடியம் செய்யும் வேலையைத் தாவரம் வேறு வழிகளில் முடித்துக்கொள்கிறது, செல்லுக்குள் நீரழுத்தத்தைக் காக்கப் பொட்டாசியத்தை நம்புகிறது. மண்நீரில் கரைந்திருக்கும் சோடியத்தை வேர்கள் கூடிய மட்டும் உள்ளே விடுவதில்லை, மீறி நுழைந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளுகின்றன. அதனால் நூறு கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும்போது சோடியம் ஒரே ஒரு மில்லிகிராம்தான் இருக்கிறது. பீட்ரூட்டும் அதன் இலையும் பசலையும் இதற்கு விலக்காக நிற்பதற்குக் காரணம் அவற்றின் குலம். பீட்ரூட்டின் காட்டு மூதாதை கடலோரத்தில் உவர்மண்ணில் வளரும் செடி. உப்பை விரட்டுவதற்குப் பதிலாக அதை இலைச் செல்களுக்குள்ளேயே தனியாகப் பூட்டிவைக்கப் பழகிய வம்சம் அது. நூறு கிராம் பீட்ரூட் இலையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பிற காய்களையும் தானியங்களையும் நினைத்துப் பார்த்தால் இது வியப்பூட்டும் அளவு.

இலை தழைகளை மட்டும் தின்று வாழும் விலங்குகளுக்கும் இதே நெருக்கடி உண்டு. கென்யாவின் எல்கன் மலையில் யானைகள் இருண்ட குகைகளுக்குள் சென்று, தந்தத்தால் பாறையைப் பெயர்த்து, அதிலுள்ள உப்புகளுக்காக அதை மென்று தின்கின்றன. வட அமெரிக்காவின் மூஸ் மான்கள் சோடியம் மிகுந்த நீர்த்தாவரங்களைத் தேடி ஏரிகளில் இறங்குகின்றன. எனினும் தேடிப் போவது பாதி வழிதான். கிடைத்ததை இழக்காமல் காப்பது மீதிப் பாதி, அதில் மனித உடலின் திறமை மிகப் பெரியது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 90 முதல் 100 கிராம் வரை சோடியம் இருக்கிறது. ஒரு பகுதி எலும்பில் படிந்திருக்க, மீதியில் பெரும்பங்கு இரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் கரைந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள பம்புகள் மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுத்தபடி இருக்கின்றன. 1957-இல் இதைக் கண்டறிந்த டென்மார்க் அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு துடிப்பதும் தசை சுருங்குவதும் இந்தப் பம்பு உருவாக்கும் வேறுபாட்டால்தான். ஆனால் பம்பு வேலை செய்வதால் சோடியம் தீர்ந்துபோவதில்லை, அதே அயனிகள் மீண்டும் மீண்டும் சுற்றிவருகின்றன. இந்த ஓர் உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. எரிபொருளைப் போல நாள்தோறும் எரிந்து தீரும் பொருளன்று சோடியம். கசிந்ததை மட்டும் ஈடுசெய்தால் போதும்.

கசிவு நடக்கும் முதன்மையான இடம் சிறுநீரகம். இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் (ஒரு மில்லிமோல் சோடியம் என்பது 23 மில்லிகிராம்) என்ற கணக்கில், அவ்வாறு வடிந்து நுண்குழல்களுக்குள் இறங்கும் சோடியம் மட்டும் 580 கிராம் இருக்கும், உப்பாகச் சொன்னால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ! உடலில் இருக்கும் மொத்தச் சோடியமும் ஒரே நாளில் பலமுறை இந்தக் குழல்கள் வழியே போய்த் திரும்புகிறது என்பது இதன் பொருள். வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கைக் குழலின் முதல் வளைவே மீட்டுவிடுகிறது, அடுத்து வரும் கொண்டை வளைவு கால் பங்கை மீட்கிறது, அதைத் தாண்டிய குறும்பகுதி இன்னும் சிறிது எடுத்துக்கொள்கிறது. கடைசியில் சேகரிப்புக் குழலுக்கு வந்துசேர்வது 2 அல்லது 3 சதவீதம்தான். ஆனால் அந்தச் சிறு பங்கே 12 முதல் 17 கிராம் சோடியம், நம் தட்டில் வந்த 190 மில்லிகிராமைப் போல அறுபது மடங்குக்கும் மேல். அதைக் காப்பதா விடுவதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

முடிவெடுப்பது ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். உடலில் சோடியம் குறையும்போது அதோடு நீரும் குறைகிறது, சிறுநீரகத்துக்குள் நுழையும் இரத்தத்தின் அழுத்தம் சற்றுத் தாழ்கிறது. அதை உணரும் செல்கள் ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. ரெனின் தொடங்கிவைக்கும் வேதிவினைச் சங்கிலியின் முடிவில் ஆஞ்சியோடென்சின் உருவாகி, சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன், சேகரிப்புக் குழலின் செல்களுக்குள் புகுந்து, மரபணுக்களை இயக்கி, சோடியம் நுழையும் வாயில்களின் எண்ணிக்கையைக் கூட்டச் செய்கிறது. புதிய புரதங்கள் உருவாக வேண்டியிருப்பதால் இந்த மாற்றம் உடனே நிகழ்வதில்லை. உப்பைத் திடீரென்று நிறுத்தியவரின் சிறுநீரில் சோடியம் மிகக் குறைந்த நிலைக்கு இறங்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகின்றன, அதற்குள் உடல் எடையில் ஒரு கிலோ அளவுக்கு நீர் குறைந்துவிடக்கூடும். உணவு மாறிய முதல் வாரத்தில் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதற்கு இது ஒரு காரணம். அந்த வாரத்து எடைக்குறைவைக் கொழுப்புக் குறைந்ததாகக் கருதி மகிழ்வதும் சரியன்று.

இவ்வாறு பழகிய உடல், வியர்வை அதிகம் இல்லாத நிலையில், சிறுநீர், மலம், தோல் ஆகிய மூன்று வழிகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு இழக்கும் சோடியம் 115 மில்லிகிராமுக்கு மேற்படாது என்பது 1989-இல் அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைக் குழு தந்த மதிப்பீடு. தட்டில் 190, செலவு 115. கணக்கு நேராகிவிடுகிறது. தட்பவெப்பமும் உழைப்பும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதே குழு பாதுகாப்புக்கு இடம் விட்டுக் குறைந்தபட்சத் தேவையை 500 மில்லிகிராம் என்று வகுத்தது. இந்த இடைவெளியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 190 மில்லிகிராமில் உடல் வாழ முடியும் என்பதும், அதில் எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்பதும் ஒன்றல்ல.

முடியும் என்பதற்குச் சான்று அமேசான் காட்டில் இருக்கிறது. வெனிசுவேலா, பிரேசில் எல்லையில் வாழும் யானோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்க்கும் வழக்கமில்லாதவர்கள். வேட்டை இறைச்சியும் அவர்கள் உணவில் உண்டு என்றாலும், பெரும்பகுதி வாழைக்காய், மரவள்ளி போன்றவைதான். 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு உலகின் 52 மையங்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, யானோமாமி மக்கள் ஒரு நாளில் சிறுநீரில் விட்ட சோடியம் சராசரியாக ஒரு மில்லிமோல்கூட இல்லை, அதாவது 20 மில்லிகிராம் அளவே. இரத்த அழுத்தம் சராசரியாக 95/61 என்ற அளவில் இருந்தது, வயதோடு ஏறவும் இல்லை. அதற்கு முன்பே நடந்த ஆய்வுகள் அவர்களது இரத்தத்தில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் மிக உயர்ந்திருப்பதையும், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் பெண்களும் அதே உணவில் இருந்ததையும் பதிவுசெய்தன. ஆனால் பிறந்தது முதல் அந்த உணவில் வளர்ந்த உடலுக்கும், நேற்றுவரை நாளுக்கு 10 கிராம் உப்பு உண்ட உடலுக்கும் வேறுபாடு உண்டு.

கணக்கைக் குலைப்பது வியர்வை. வியர்வைச் சுரப்பி தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும் ஒரு நுண்குழாய். அதன் அடிச்சுருளில் ஊறும் திரவம் இரத்த நீரைப் போலவே உவர்ப்பானது. அது மேலேறி வரும் வழியில் குழாயின் சுவர் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக வியர்த்தால் உறிஞ்ச நேரம் கிடைக்கிறது, வெள்ளமாக வியர்த்தால் உப்பும் அதோடு போய்விடுகிறது. வெயிலுக்குப் பழகாத ஒருவரின் வியர்வையில் லிட்டருக்கு 40 மில்லிமோல் சோடியம் என்று கொண்டால், 920 மில்லிகிராம் ஆகிறது. நம் தட்டின் ஒரு நாள் சோடியம் முழுவதும் வெறும் 200 மில்லிலிட்டர் வியர்வையில், ஒரு தம்ளர் அளவில், தீர்ந்துவிடும். கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஆல்டோஸ்டிரோன் வியர்வைக் குழாயிலும் வேலை செய்வதால், ஓரிரு வாரங்களில் வெப்பத்துக்குப் பழகியவரின் வியர்வை நன்றாக நீர்த்துப்போகிறது. 1940-களில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரோம் கான், உடல் இவ்வாறு வெப்பத்துக்குப் பழகுவதைத்தான் ஆராய்ந்தார். அந்த அறிவே 1955-இல் ஆல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கும் நோயை இனங்காண அவருக்குத் துணைசெய்தது, அந்த நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

உப்பும் இல்லாமல் வியர்வையும் பெருகினால் என்ன நேரும் என்பதை 1930-களில் இலண்டனில் ராபர்ட் மக்கான்ஸ் என்ற மருத்துவர் தன்னார்வலர்களோடு தம் உடலிலும் சோதித்துப் பார்த்தார். காய்களை மூன்று முறை வேகவைத்து நீரை வடித்து, அவற்றிலிருந்த இயற்கைச் சோடியத்தையும் நீக்கிய பிறகே உண்டார்கள், நாள்தோறும் வெப்பத்தில் கிடந்து வியர்த்தார்கள். உணவின் சுவை மங்கியது, தசைகள் பிடித்துக்கொண்டன, சிறிது முயன்றாலும் மூச்சு வாங்கியது, களைப்பு விடாமல் தொடர்ந்தது. உப்பு உண்டதும் இவை விரைவில் மறைந்தன. உடலில் சோடியம் உண்மையிலேயே குறைந்திருப்பதன் அடையாளங்கள் இவை. உப்புள்ள உணவின் மேல் எழும் வெறும் ஆசை அப்படிப்பட்ட அடையாளமன்று. உப்பைக் குறைத்தவர்களின் நாக்கு இரண்டு மூன்று மாதங்களில் குறைந்த உப்புக்கே பழகி, முன்பு பிடித்த உணவைக் கரிப்பாக உணரத் தொடங்குகிறது.

தாவர உணவின் பொட்டாசியத்துக்கும் இதில் பங்கு உண்டு. தாவரம் உண்போர் உப்பை நாடுவதற்குப் பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றுவதே காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே உடலியல் அறிஞர் குஸ்டாவ் புங்கே கருதினார். பொட்டாசியம் மிகும்போது சிறுநீரகக் குழலின் பின்பகுதியில் சோடியத்தை மீட்கும் ஒரு கடத்தி அடங்கிப்போகிறது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இந்தச் சோடிய இழப்பு நீடிப்பதில்லை, ஆல்டோஸ்டிரோன் உயர்ந்து சில நாட்களில் அதைச் சமன் செய்கிறது.

அந்தச் சமன் செய்யும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது. அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய் உள்ளவர்கள், சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை உண்பவர்கள், உப்பைத் தக்கவைக்க முடியாத சிறுநீரக நோயுள்ளவர்கள், சிறுகுடலை வயிற்றுத் திறப்போடு இணைத்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உப்பை விடக் கூடாது. லித்தியம் மருந்து உண்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அது நஞ்சாகும் அளவுக்கு ஏறிவிடலாம். மிகக் குறைவாக உண்டு நீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு. நீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கரைபொருள் வேண்டும், அது போதாதபோது நீர் உடலில் தங்கி இரத்தச் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, சோடியத்தைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது அயோடின். பெரியவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கருவுற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். தாவரங்களில் அது மண்ணைப் பொறுத்தே அமைகிறது, பெரும்பாலும் குறைவு. உப்பை விட்டவர் தமக்கே தெரியாமல் அயோடின் கலந்த உப்பையும் விட்டுவிடுகிறார். தைராய்டு குறைபாடு மெல்ல வரும், சோடியக் குறைவைப் போலத் தசைப்பிடிப்பால் எச்சரிக்காது. பாறை உப்பிலும் சாதாரணக் கடல் உப்பிலும் குறிப்பிடத்தக்க அயோடின் இல்லை. கடற்பாசியில் சில வகைகளில் அது அளவுக்கு மிஞ்சியே இருக்கும்.

ஆகவே நோயற்ற ஒருவர் நாளுக்குக் கால் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் அயோடின் உப்பைச் சேர்த்துக்கொண்டால், 590 மில்லிகிராம் சோடியம் கிடைத்துவிடுகிறது. உணவின் 190 மில்லிகிராமும் சேர்ந்து 780 ஆகிறது. குறைந்தபட்சத் தேவையை அது தாண்டுகிறது, உச்ச வரம்பான 2,000 மில்லிகிராமில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வெயிலில் உழைக்கும் நாளில் மட்டும் இதைக் கூட்டிக்கொள்ளலாம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் கலந்த உப்பாக இருந்தால், அந்தக் கால் தேக்கரண்டியில் வருவது 45 மைக்ரோகிராம்தான். மீதி 105 மைக்ரோகிராமுக்கு உப்பைக் கூட்டாமல், அளவு குறிக்கப்பட்ட அயோடின் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்வதே சரியான வழி.